எந்தப் பதிப்பின் ஆவணம்? கட்டளை வரிக் கருவியின் தளத்தைத் தானாக வெளியிடும் வழிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

டெபியன் 12 என்ற லினக்ஸில், அதன் நிறுவல் கருவியான ஆப்ட் வழியாக ஜேக்யூவை (ஜேசன் தரவை அலசும் கட்டளை வரிக் கருவி) நிறுவினால் கிடைப்பது 1.6. அது 2018இல் வந்த பதிப்பு. அதை வைத்திருக்கும் ஒருவர் ஜேக்யூ கையேட்டின் புதிய பக்கத்தைத் திறந்து, அங்கே பார்த்த 'பிக்' என்ற ஃபங்ஷனைத் தன் டெர்மினலில் தட்டினால், அப்படி ஒன்றே இல்லை என்று பிழை வரும். பிக் சேர்ந்தது 2023 செப்டம்பரில் வந்த 1.7இல். கையேட்டிலும் பிழையில்லை, கருவியிலும் பிழையில்லை. இரண்டும் வெவ்வேறு வயது, அவ்வளவுதான்.

இணையச் செயலிக்கு இந்தத் தலைவலி கிடையாது. சர்வரில் புதியது ஏறினால் எல்லோருக்கும் புதியதுதான். கட்டளை வரிக் கருவியோ ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு பதிப்பாகக் கிடக்கும். ஆகவே ஆவணத் தளத்தை எங்கே, எப்படி வெளியிடுவது என்று அலசும்போது வேகம், விலை, அழகு எல்லாம் பிறகுதான். வாசகர் கையில் இருக்கும் பதிப்புக்கான பக்கம் அவருக்குக் கிடைக்குமா என்பதே முதல் கேள்வி. முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பும் திருத்தத்தை, இணைப்பதற்கு முன்பே பக்கமாகப் பார்க்க முடியுமா என்பது இரண்டாவது. இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் கிட்ஹப் பேஜஸ், ரீட் த டாக்ஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் என்ற மூன்று தள வெளியீட்டுச் சேவைகளையும் இங்கே எடை போடுகிறோம். நெட்லிஃபை, கிட்லாப் இரண்டையும் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகலாம்.

இடம் தேடுவதற்கு முன் ஒரு வேலை

எந்த இடத்துக்குப் போனாலும், கட்டளைகளின் குறிப்புப் பக்கங்களைக் கையால் எழுதக் கூடாது. கருவியே தன் உதவிச் செய்தியிலிருந்து அவற்றை உருவாக்க வேண்டும். கோ மொழியில் கோப்ரா நூலகம் மார்க்டவுனாகவும் (எளிய குறிகளுள்ள உரை வடிவம்) மேன் பக்கமாகவும் (டெர்மினலிலேயே படிக்கும் கையேடு) எழுதித் தரும். ரஸ்ட் மொழியின் கிளாப் நூலகத்துக்கு மேன் பக்கம் எழுத கிளாப்-மேன்ஜென் உண்டு. பைத்தானின் கிளிக் நூலகத்துக்கு ஸ்பிங்க்ஸ்-கிளிக்கும் மேக்டாக்ஸ்-கிளிக்கும் இருக்கின்றன (ஸ்பிங்க்ஸ், மேக்டாக்ஸ் இரண்டும் ஆவணத் தளம் கட்டும் கருவிகள்).

கேட்க எளிதாக இருக்கும். சிக்கல் வருவது, உருவாக்கிய கோப்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராததால். கோப்ரா ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இன்ன தேதியில் தானாக உருவாக்கப்பட்டது' என்று ஒரு வரி சேர்க்கும். கருவியில் ஒன்றுமே மாறாவிட்டாலும் மறுநாள் எல்லாப் பக்கமும் மாறியதாக, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் காட்டும். மூலக் கட்டளையில் டிசேபிள்-ஆட்டோஜென்-டேக் என்பதை ட்ரூ ஆக்கினால் அந்த வரி போய்விடும். பைத்தானோடு வரும் ஆர்க்பார்ஸ் நூலகம் இன்னும் குறும்பு. 3.10இல் 'ஆப்ஷனல் ஆர்க்யுமென்ட்ஸ்' என்ற தலைப்பு 'ஆப்ஷன்ஸ்' ஆனது. 3.13இல் சுருக்கப் பெயர், முழுப் பெயர் இரண்டுக்குப் பின்னாலும் மதிப்பின் பெயரை அச்சிடும் வழக்கம் போய், கடைசியில் ஒரு முறை மட்டும் அச்சிடுவது வந்தது. 3.14இல் உதவிச் செய்தி வண்ணத்தோடு வருவது இயல்பானது. எனவே ஆவணம் உருவாக்கும் வேலைக்குப் பைத்தான் பதிப்பைக் கட்டிப்போட வேண்டும். கூடவே சூழல் மாறிகளில் காலம்ஸ் என்பதற்கு 80 என்றும், நோ-கலர் என்பதற்கு 1 என்றும் கொடுத்துவிட்டால் வரி மடிப்பும் வண்ணக் குறிகளும் தொல்லை தராது.

இன்னொன்று கண்ணில் படாமலே போய்விடும். அமைப்புக் கோப்பின் இயல்புப் பாதையைக் கருவி ஹோம் அடைவிலிருந்து கணக்கிட்டால், பில்ட் (மூலத்திலிருந்து தளத்தைக் கட்டும் வேலை) ஓடும் இயந்திரத்தின் ஹோம் பாதைதான் ஆவணத்தில் அச்சாகும். எத்தனையோ கருவிகளின் ஆவணத்தில் 'ரன்னர்' என்ற பயனரின் வீட்டுப் பாதை இப்படித்தான் குடியேறியிருக்கிறது. ஆவணம் உருவாக்கும்போது ஹோம் மாறிக்கு ஒரு போலிப் பாதையைக் கொடுத்து ஓட்டினால் போதும்.

பில்ட்டைக் கண்டிப்பாக ஓட்டுவதும் இங்கேயே முடிவாக வேண்டியது. மேக்டாக்ஸில் ஸ்ட்ரிக்ட் தேர்வு, ஸ்பிங்க்ஸில் பெரிய டபிள்யூ தேர்வோடு கீப்-கோயிங். உள் இணைப்பு உடைந்தால் பில்ட் விழ வேண்டும். வெளித்தள இணைப்புகளைச் சோதிப்பதை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். யாரோ ஒருவருடைய சர்வர் தூங்கினால் உங்கள் வெளியீடு நிற்கக் கூடாது. அதற்குத் தனியாக, நேரம் குறித்து ஓடும் வொர்க்ஃப்ளோ (கிட்ஹப் தானாக ஓட்டும் வேலைத் தொடர்) போதும். ஆனால் பொது ரெப்போவில் (நிரல் இருக்கும் கிட் களஞ்சியம்) 60 நாள் எந்த அசைவும் இல்லையென்றால் நேரம் குறித்த வொர்க்ஃப்ளோக்களை கிட்ஹப் நிறுத்திவிடும். அமைதியாக இருக்கும் சிறு கருவிகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

ஜேக்யூ இந்த விஷயத்தில் ஒரு படி மேலே. அதன் கையேடு பதிப்புவாரியாகத் யாமல் என்ற உரை வடிவில் தனித்தனிக் கோப்புகளில் இருக்கிறது. அதே யாமலிலிருந்துதான் இணையப் பக்கமும் மேன் பக்கமும் பிறக்கின்றன. கையேட்டில் உள்ள எடுத்துக்காட்டுகள் சோதனைக் கோப்பாகவும் மாறி, கருவியின் சோதனைகளோடு சேர்ந்து ஓடுகின்றன. கையேட்டில் போட்ட எடுத்துக்காட்டு பொய்த்தால் சோதனை விழுந்துவிடும். பல பதிப்புகளின் கையேடும் ஒரே கிளையில் அடைவுகளாக இருப்பதால், பதிப்புகளைப் பிரித்துக் காட்ட ஹோஸ்டிங் சேவையின் தயவும் வேண்டியதில்லை. கையேடு ஒரே நீளப் பக்கமாக இருக்கும் கருவிகளுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

கிட்ஹப் பேஜஸ்: ஒரே பெயர், இரண்டு இயந்திரம்

கிட்ஹப் பேஜஸ் என்று ஒன்றாகச் சொல்கிறோமே தவிர, உள்ளே இரண்டு வழி இருக்கிறது. இரண்டின் கோளாறுகளும் வேறு வேறு.

பழைய வழி, பில்ட் செய்த எச்டிஎம்எல்லை ஜிஹெச்-பேஜஸ் என்ற கிளையில் தள்ளுவது. மேக்டாக்ஸின் ஜிஹெச்-டெப்ளாய் கட்டளை இதைத்தான் செய்கிறது. முதல் முறை ஓட்டும்போது பலருக்கும் 403 (அனுமதியில்லை) என்ற பிழை வரும். 2023 பிப்ரவரிக்குப் பிறகு தொடங்கிய ரெப்போக்களில் வொர்க்ஃப்ளோவின் டோக்கனுக்கு (அது பயன்படுத்தும் சாவி) இயல்பாகப் படிக்கும் உரிமை மட்டுமே. யாமலில் கன்டென்ட்ஸ் என்பதற்கு ரைட் உரிமை எழுதினால் சரியாகும். அடுத்து சொந்த டொமைன். அமைப்புப் பக்கத்தில் டொமைனைக் கொடுத்ததும் கிட்ஹப் அந்தக் கிளையில் சிநேம் என்ற கோப்பை எழுதிவைக்கும். அடுத்த டெப்ளாய் (தளத்தை ஏற்றும் வேலை) கிளையை முழுக்கப் புதிதாக எழுத, கோப்பு காணாமல் போய், தளமும் 404 ஆகும். சிநேம் கோப்பை ஆவண மூல அடைவுக்குள்ளேயே வைத்துவிடுவதுதான் மருந்து. ஸ்பிங்க்ஸ்காரர்களுக்கு இன்னொரு பழைய பகை: இந்த வழியில் கிட்ஹப் இயல்பாக ஓட்டும் தளக் கருவியான ஜெக்கில், அடிக்கோட்டில் தொடங்கும் அடைவுகளைப் புறக்கணிக்கும். ஸ்பிங்க்ஸின் ஸ்டாட்டிக் அடைவு அப்படித்தான் தொடங்குகிறது. அதனால் பக்கம் வரும், சிஎஸ்எஸ் வராது. புள்ளியில் தொடங்கும் நோஜெக்கில் என்ற வெற்றுக் கோப்பு ஒன்றைக் கிளையின் மேல் மட்டத்தில் போட்டால் போதும்.

கிளை வழியின் நீண்டகாலச் செலவு ரெப்போவின் எடை. ஒவ்வொரு பில்ட்டிலும் தேடல் அட்டவணை ஜேசன் கோப்பு மாறும். வரலாறு முழுதும் சேர்ந்துகொண்டே போகும். ரெப்போவை முழுதாகக் குளோன் செய்பவர்கள் எல்லோரும் அதைச் சுமக்க வேண்டும். ஜிஹெச்-டெப்ளாயில் நோ-ஹிஸ்டரி தேர்வு இதைத் தடுக்கும்.

புதிய வழி 2022இல் வந்தது. பில்ட் செய்த அடைவை ஆர்டிஃபேக்டாக (வொர்க்ஃப்ளோ சேமித்துவைக்கும் கோப்புத் தொகுப்பு) ஏற்றி, டெப்ளாய்-பேஜஸ் ஆக்ஷன் அதை எடுத்து வெளியிடும். கிளை வேண்டாம், ஜெக்கில் குறுக்கே வராது, சிநேம் கோப்பைப் பார்க்கவே பார்க்காது. டொமைனை அமைப்புப் பக்கத்தில் மட்டும் கொடுக்க வேண்டும். பேஜஸ், ஐடி-டோக்கன் இரண்டுக்கும் ரைட் உரிமை வேண்டும்.

இதில் கருவி ஆசிரியர்கள் விழும் குழிகள் மூன்று. முதலாவது: டேக் (ஒரு பதிப்பைக் குறிக்க கிட்டில் இடும் பெயர்) போட்டதும் ஆவணம் வெளியாகட்டும் என்று வொர்க்ஃப்ளோவை மாற்றுவார்கள். பில்ட் பச்சை, டெப்ளாய் சிவப்பு. கிட்ஹப்-பேஜஸ் என்ற என்விரான்மென்ட் (வெளியீட்டு அனுமதி விதிகளின் தொகுப்பு) இயல்பாக முதன்மைக் கிளையிலிருந்து மட்டுமே டெப்ளாயை அனுமதிக்கும், டேக்குக்கு அனுமதியில்லை. அந்த என்விரான்மென்ட்டின் அமைப்பில் வி-நட்சத்திரம் போன்ற டேக் வடிவத்தைச் சேர்க்க வேண்டும். இரண்டாவது: ரிலீஸ் வெளியானதும் ஓடு என்று எழுதிய ஆவண வொர்க்ஃப்ளோ ஓடவே ஓடாது, பிழைச் செய்தியும் இருக்காது. காரணம், அந்த ரிலீஸை உருவாக்கியது இன்னொரு வொர்க்ஃப்ளோ. வொர்க்ஃப்ளோவின் இயல்பு டோக்கனால் நடந்த நிகழ்வு புதிய வொர்க்ஃப்ளோவைத் தூண்டாது. முடிவில்லாமல் சுற்றாமல் இருக்கப் போட்ட கட்டுப்பாடு அது. தனிப்பட்ட டோக்கன் ஒன்றை உருவாக்கிச் செருகுவதுதான் பலரும் செய்வது. அது தேவையில்லாத சாவி. ஆவண வேலையை மறுபயன்பாட்டு வொர்க்ஃப்ளோவாக்கி, ரிலீஸ் வொர்க்ஃப்ளோவின் கடைசி வேலையாக அழைப்பதே சுத்தம். வொர்க்ஃப்ளோ-டிஸ்பாட்ச் நிகழ்வுக்கும் அந்தத் தடையில்லை. மூன்றாவது: ஒரே ரெப்போவில் பல கருவிகளை வைத்திருப்பவர்கள் ஒரே தள்ளலில் 3 டேக்குக்கு மேல் அனுப்பினால் டேக் நிகழ்வே உருவாகாது.

இனிப் பதிப்புகள். பேஜஸுக்குப் பதிப்பு என்றால் என்னவென்றே தெரியாது. மேக்டாக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு மைக் என்ற துணைக் கருவி இருக்கிறது. பதிப்புக்கு ஓர் அடைவாக ஜிஹெச்-பேஜஸ் கிளையில் எழுதும். லேட்டஸ்ட் போன்ற மாற்றுப் பெயரும், பதிப்புப் பட்டியலும் பார்த்துக்கொள்ளும். ஆனால் பழைய பதிப்புகள் அந்தக் கிளையில் மட்டும்தான் வாழ்கின்றன. அதனால் மைக்கைத் தேர்ந்தால் கிளை வழிதான். நோ-ஹிஸ்டரியும் புதிய வழியின் நன்மைகளும் எளிதில் ஒட்டாது. ரெப்போவை இறக்கும் செக்அவுட் ஆக்ஷன் இயல்பாக ஒரே ஒரு கமிட்டைத்தான் (பதிவுசெய்த மாற்றம்) எடுக்கும் என்பதால் ஃபெட்ச்-டெப்த் 0 என்று கொடுக்காவிட்டால் மைக் தடுமாறும். கடைசித் திருத்தத் தேதியைக் காட்டும் செருகியும் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தேதியைப் போடும்.

ஒரே நேரத்தில் எத்தனை ஓட்டம் என்று கட்டுப்படுத்தும் கன்கரன்சி குழுவிலும் ஒரு நுட்பம் உண்டு. பேஜஸுக்கு என்று கிட்ஹப் தரும் மாதிரி யாமலில், ஓடுவதை ரத்து செய்யாதே என்று இருக்கும். ஆனால் குழுவில் இயல்பாக ஒன்று ஓடலாம், ஒன்று காத்திருக்கலாம். மூன்றாவது வந்தால் காத்திருந்தது ரத்தாகும். முழுத் தளத்தையும் ஒவ்வொரு முறையும் ஏற்றுபவர்களுக்கு இதனால் நட்டமில்லை. கடைசியாக வந்ததுதான் வேண்டும். மைக்கோடு சேர்த்தால் கதை வேறு. 1.1, 1.2, 1.3 மூன்றுக்கும் அடுத்தடுத்து திருத்த வெளியீடு செய்தால் நடுவில் வந்தது சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

எல்லைகள் தாராளம்தான்: தளம் 1 ஜிபி வரை, மாதம் 100 ஜிபி போக்குவரத்து என்ற மென்மையான வரம்பு, ஒரு டெப்ளாய்க்கு 10 நிமிடம். சர்வர் பக்கத் திருப்பிவிடலும் சொந்த எச்டிடிபி தலைப்புகளும் கிடையாது. பக்கத்தின் பெயர் மாறினால் எச்டிஎம்எல்லுக்குள் மெட்டா ரிஃப்ரெஷ் எழுதும் செருகிதான் கதி.

ரீட் த டாக்ஸ்: பதிப்பைப் புரிந்துகொண்ட இடம்

ரீட் த டாக்ஸ் 2010இல் தொடங்கியது. திறமூலத் திட்டங்களுக்கு இலவசம், பதிலுக்குப் பக்கத்தில் சிறு விளம்பரம். அந்த விளம்பரத்தைக் கண்டு முகம் சுளிப்பவர்கள், அது தரும் வேலையைக் கையால் செய்ய எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒருமுறை கணக்குப் போட வேண்டும்.

ரெப்போவை இணைத்ததும் லேட்டஸ்ட், ஸ்டேபிள் என்று இரண்டு பதிப்பு தானாக வரும். முதலாவது முதன்மைக் கிளை. இரண்டாவது, டேக்குகளிலேயே உயர்ந்த எண் கொண்ட, முன்னோட்ட வெளியீடு அல்லாத பதிப்பு. கருவிப் பயனர்களை ஸ்டேபிளுக்கு அனுப்பி, லேட்டஸ்ட்டைப் பங்களிப்பாளர்களுக்கு விட்டுவிட்டால், இன்னும் வெளியாகாத தேர்வைப் படித்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று வரும் புகார்கள் பெருமளவு ஓயும். இயல்பில் முகப்பு முகவரி லேட்டஸ்ட்டுக்குத்தான் போகும். இயல்புப் பதிப்பை ஸ்டேபிளாக மாற்ற ஒரு நிமிடம் போதும், பலர் மாற்றுவதில்லை.

எண்ணைப் படித்துத்தான் ஸ்டேபிள் முடிவாகிறது என்பதால் டேக்கின் பெயர் முக்கியம். வி1.7.1 என்றால் புரியும். ஜேக்யூ செய்வதுபோலக் கருவிப் பெயரை முன்னால் ஒட்டி டேக் போட்டால் அது பதிப்பு எண்ணாகத் தேறாது. உங்கள் ரெப்போவில் ஸ்டேபிள் என்ற பெயரிலேயே ஒரு கிளையோ டேக்கோ இருந்தால், ரீட் த டாக்ஸ் தன் கணக்கை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளும். என்றோ உருவாக்கி மறந்த கிளை தளத்தை ஆண்டுக்கணக்கில் பின்னால் நிறுத்திவைக்க இது போதும். ஸ்டேபிள் தானாக நகர்ந்தாலும், 1.4, 1.5 என்று தனித்தனிப் பதிப்புகள் பட்டியலில் தோன்ற ஆட்டோமேஷன் விதி ஒன்றைச் சேர்க்க வேண்டும்: செம்வெர் (1.4.2 போன்ற மூவெண்) வடிவில் டேக் வந்தால் அந்தப் பதிப்பைச் செயல்படுத்து என்று.

2023 செப்டம்பர் முதல் ரீட்தடாக்ஸ் யாமல் கோப்பு கட்டாயம். அதில் உபுண்டு பதிப்பு, மொழிக் கருவிகளின் பதிப்பு எல்லாம் குறிக்க வேண்டும். பைத்தான் மட்டுமல்ல, நோட், ரஸ்ட், கோ மூன்றும் கிடைக்கும். எனவே கோ கருவியை அங்கேயே கம்பைல் செய்து, அதன் குறிப்புப் பக்கங்களை உருவாக்கி, பிறகு தளத்தைக் கட்டலாம். பில்ட்டுக்கு 15 நிமிடமும் 7 ஜிபி நினைவகமும் என்பது வரம்பு. பெரிய ரஸ்ட் கருவியை ரிலீஸ் முறையில் கம்பைல் செய்தால் 15 நிமிடம் நெருங்கிவிடும். குறிப்பு உருவாக்க டீபக் பில்ட் போதும். உதவிச் செய்திக்கு வேகம் எதற்கு? ஆவணத்தைத் தொடாத கமிட்டுக்கு பில்ட் வேண்டாமென்றால், செக்அவுட்டுக்குப் பிந்தைய கட்டளையில் 183 என்ற வெளியேற்ற எண்ணைத் திருப்பினால் பில்ட் தோல்வி என்று காட்டாமல் ரத்தாகும்.

பழைய பதிப்பை மீண்டும் கட்ட நேரும்போதுதான் இந்த வழியின் கசப்பு தெரியும். மூன்றாண்டுக்கு முந்தைய டேக்கில் சார்புகளின் (தேவைப்படும் நூலகங்களின்) பதிப்பைக் கட்டிப்போடாமல் விட்டிருந்தால், இன்றைய ஸ்பிங்க்ஸும் இன்றைய தீமும் இறங்கி பில்ட் உடையும். பேஜஸில் மைக் எழுதிவைத்த எச்டிஎம்எல் அப்படியே கிடக்கும், யாரும் மீண்டும் கட்டப் போவதில்லை. ஆவணச் சார்புகளுக்கென்று அவற்றின் துல்லியப் பதிப்புகளைக் குறித்துவைக்கும் தனிப் பூட்டுக் கோப்பு ஒன்றை முதல் நாளிலிருந்தே கமிட் செய்வது இங்கே ஆடம்பரமல்ல. மேக்டாக்ஸ் மெட்டீரியல் தீமின் குழுவே 2025 நவம்பரில் அதைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றி, ஜென்சிக்கல் என்ற புதிய கருவிக்கு நகர்ந்திருக்கும் நிலையில் இது இன்னும் அவசரம்.

கிளவுட்ஃபிளேர் பேஜஸ்: வேகம், ஆனால் எண்ணிப் போட வேண்டும்

இதிலும் இரண்டு வழி. ரெப்போவை இணைத்து கிளவுட்ஃபிளேரே கட்டுவது ஒன்று. நம் சிஐயில் (தானாகக் கட்டிச் சோதிக்கும் அமைப்பு) கட்டி, கிளவுட்ஃபிளேரின் ராங்லர் கட்டளையால் ஏற்றுவது இன்னொன்று. நேரடி ஏற்றலுக்காகத் தொடங்கிய திட்டத்தைப் பிறகு ரெப்போ இணைப்புக்கு மாற்ற முடியாது, புதிதாகத்தான் தொடங்க வேண்டும். இருந்தும் கருவிகளுக்கு நேரடி ஏற்றலைத்தான் சொல்வோம். கருவியைக் கம்பைல் செய்யும் சூழல் ஏற்கெனவே சிஐயில் இருக்கிறது. அதை இன்னோர் இடத்தில் மறுபடி அமைப்பானேன்? இலவசத் திட்டத்தின் மாதம் 500 பில்ட் என்ற வரம்பும் அப்போது நம்மைத் தொடாது. ஏபிஐ டோக்கனுக்கு கிளவுட்ஃபிளேர் பேஜஸ் எடிட் உரிமை மட்டும் கொடுங்கள். கணக்கின் முழு உரிமைச் சாவியை ரெப்போ ரகசியத்தில் போடுவது, வாசலைத் திறந்துவிட்டுக் கொல்லைக்குப் பூட்டுப் போடுவது.

திருப்பிவிடல் கோப்பில் 2,000 நிலையான விதிகளும் 100 மாறும் விதிகளும் எழுதலாம். போக்குவரத்துக்கு அளவில்லை. வரம்பு கோப்புகளின் எண்ணிக்கையில்தான்: ஒரு தளத்துக்கு 20,000 கோப்பு, ஒரு கோப்பு 25 மெபிபைட்டுக்குள். பதிப்புவாரியாக எல்லாவற்றையும் ஒரே ஏற்றலில் வைத்தால், பதிப்புக்கு 500 கோப்பு என்ற கணக்கில் 40ஆவது பதிப்போடு இடம் தீர்ந்தது. மாதம் இருமுறை வெளியீடு செய்யும் கருவிக்கு இது 20 மாதம்தான். திருத்த வெளியீடுகளுக்குத் தனி அடைவு வேண்டாம், 1.7.0, 1.7.1 இரண்டும் 1.7 என்ற ஓர் அடைவிலேயே இருக்கட்டும். பதிப்பு ஒழுங்கைக் கிளவுட்ஃபிளேர் பார்த்துக்கொள்ளாது. கிட்ஹப் பேஜஸில் போலவே அதுவும் நம் பாடு.

நெட்லிஃபையும் கிட்லாபும்

நெட்லிஃபையின் முன்னோட்டம் இன்றும் சிறந்தவற்றுள் ஒன்று. ஆனால் 2025 செப்டம்பரிலிருந்து புதிய கணக்குகள் கிரெடிட் முறைக்குள் வருகின்றன, தளத்துக்கான ஒவ்வொரு டெப்ளாயும் அதிலிருந்து கழியும். முதன்மைக் கிளையின் ஒவ்வொரு கமிட்டுக்கும் வெளியிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. பில்ட்டைத் தவிர்ப்பதா என்று முடிவு செய்யும் நெட்லிஃபையின் இக்னோர் கட்டளையில் ஒரு பொறி இருக்கிறது: 0 திரும்பினால் பில்ட் நிற்கும், மற்ற எண்ணுக்குத்தான் ஓடும். கிட் டிஃப்போடு சேர்த்தால் பொருத்தம், மற்ற ஸ்கிரிப்டுகளோடு சேர்த்தால் தலைகீழ். கிட்லாபில் இருப்பவர்கள் வேறெங்கும் போக வேண்டாம்: பேஜஸ் என்ற பெயரில் ஒரு வேலை, பப்ளிக் என்ற அடைவில் வெளியீடு, திருப்பிவிடல் கோப்புக்கும் ஆதரவு.

ஃபோர்க்கிலிருந்து வரும் திருத்தம்

திறமூலக் கருவியின் ஆவணத் திருத்தம் பெரும்பாலும் ஃபோர்க்கிலிருந்து (பங்களிப்பவர் தன் கணக்கில் வைத்திருக்கும் ரெப்போவின் நகல்) வருகிறது. முன்னோட்டம் என்று எல்லோரும் விளம்பரம் செய்வது, பல இடங்களில் ரெப்போவின் சொந்தக் கிளைகளுக்கு மட்டும்தான் பொருந்தும்.

கிளவுட்ஃபிளேர், ரெப்போ இணைப்பு இருந்தாலும் ஃபோர்க்கின் புல் ரிக்வெஸ்ட்டுக்கு (திருத்தத்தை இணைக்கக் கேட்கும் கோரிக்கை) முன்னோட்டம் கட்டாது. நேரடி ஏற்றலில் இன்னும் சிக்கல்: ஃபோர்க்கிலிருந்து ஓடும் வொர்க்ஃப்ளோவுக்கு ரகசியங்கள் கிடைக்காது, ஆகவே டோக்கன் இல்லாமல் ஏற்றல் விழும். கிட்ஹப் பேஜஸில் புல் ரிக்வெஸ்ட்டுக்கான முன்னோட்டமே கிடையாது. இந்த மூன்றில் ரீட் த டாக்ஸ் மட்டும் அமைப்பில் ஒரு குறியைப் போட்டதும் ஃபோர்க்குக்கும் கட்டித் தருகிறது. முன்னோட்டத்தை வேறு டொமைனில் வைக்கிறது. பொதுவாகக் குறிக்காத சூழல் மாறிகளை அந்த பில்ட்டுக்குக் காட்டுவதில்லை.

இந்த இடத்தில்தான் பலர் புல்-ரிக்வெஸ்ட்-டார்கெட் நிகழ்வுக்குத் தாவுகிறார்கள். அது ரகசியங்களோடு ஓடும். அதில் ஃபோர்க்கின் கோடை எடுத்து பில்ட் செய்தால், அந்நியரின் நிரலை உங்கள் சாவிக்கொத்தோடு ஓட்டுகிறீர்கள் என்று பொருள். ஆவணம்தானே, என்ன ஆகப் போகிறது என்று நினைக்க வேண்டாம். ஸ்பிங்க்ஸின் கான்ஃப் கோப்பு முழுமையான பைத்தான் நிரல். மேக்டாக்ஸ் யாமலில் ஹுக்ஸ் என்று ஒரு வரி போதும். கருவியையே கம்பைல் செய்து குறிப்பு உருவாக்கினால் சொல்லவே வேண்டாம்.

செய்தே ஆக வேண்டுமென்றால் இரண்டாகப் பிரியுங்கள். முதல் வொர்க்ஃப்ளோ ரகசியம் இல்லாமல் கட்டி, எச்டிஎம்எல்லை ஆர்டிஃபேக்டாக வைக்கட்டும். அது முடிந்ததும் வொர்க்ஃப்ளோ-ரன் நிகழ்வில் ஓடும் இரண்டாவது, எதையும் இயக்காமல் அந்தக் கோப்புகளை ஏற்றட்டும். ஆர்டிஃபேக்டுக்குள் இருக்கும் புல் ரிக்வெஸ்ட் எண்ணை நம்பாமல், அது எண்தானா என்று சோதித்த பிறகே முகவரியில் சேர்க்க வேண்டும். முன்னோட்டத்தை முதன்மைத் தளத்தின் உள் அடைவில் வைக்கவும் கூடாது. அந்நியர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் தளத்தின் பெயரிலேயே ஓடும். இத்தனை வேலையும் ஓர் எழுத்துப்பிழைத் திருத்தத்தைப் பார்க்கத்தானா என்று தோன்றினால், கண்டிப்பான பில்ட்டை மட்டும் ஓட்டி, எச்டிஎம்எல்லை ஆர்டிஃபேக்டாக இறக்கிப் பார்ப்பதே சிறு திட்டத்துக்குப் போதும்.

தவறானது ஏறிவிட்டால்

கிளவுட்ஃபிளேரிலும் நெட்லிஃபையிலும் பழைய டெப்ளாய்க்குத் திரும்ப டாஷ்போர்டில் ஒரு சொடுக்கு. கிட்ஹப் பேஜஸின் கிளை வழியில் ரிவர்ட் செய்து தள்ளலாம். புதிய வழியில் பழைய ஓட்டத்தை மறுபடி ஓட்டலாம், ஆனால் டெப்ளாய் வேலையை மட்டும் ஓட்டினால் மறுநாள் விழும்: பேஜஸ் ஆர்டிஃபேக்ட் இயல்பாக 1 நாள்தான் இருக்கும். எல்லா வேலையையும் சேர்த்து ஓட்ட வேண்டும், அதுவும் 30 நாளுக்குள். ரீட் த டாக்ஸில் ஒரே பதிப்பின் முந்தைய பில்ட்டுக்குத் திரும்ப வழி இல்லை. திருத்தி மீண்டும் கட்டுவதுதான்.

முகவரி யாருடையது?

ஜேக்யூ தொடங்கியது ஸ்டீஃபன் டோலனின் கணக்கில். கையேடும் அவர் பெயர் தாங்கிய கிட்ஹப் முகவரியில்தான் ஆண்டுக்கணக்கில் இருந்தது. இணையமெங்கும் பதில்களிலும் பாடங்களிலும் அந்த இணைப்புதான். 2023இல் திட்டம் ஜேக்யூலாங் என்ற அமைப்புக்கு மாறியது. ரெப்போவை மாற்றினால் ரெப்போ முகவரியை கிட்ஹப் தானாகத் திருப்பிவிடும். பேஜஸ் முகவரியை அப்படித் திருப்பிவிடாது. பழைய கணக்குக்காரரே அங்கே ஒரு திருப்பிவிடும் பக்கத்தை வைத்தால்தான் உண்டு. ஜேக்யூ தளம் பிறகு சொந்த டொமைனுக்கும் நகர்ந்தது.

ஆகவே எங்கே ஏற்றுவது என்று முடிவு செய்யும் முன்பே ஆண்டுக் கட்டணம் கட்டி ஒரு டொமைனை வாங்கிவிடுங்கள். மேலே சொன்ன எல்லாச் சேவைகளும் இலவசத் திட்டத்திலேயே சொந்த டொமைனை ஏற்கின்றன. திட்டத்தின் பெயரை உள் பாதையாகக் கொண்ட பேஜஸ் முகவரியில் சாய்கோட்டில் தொடங்கும் இணைப்புகள் உடையும் தொல்லையும் அதோடு தீரும். முதல் நாளிலிருந்தே முகவரியில் பதிப்பு இருக்கட்டும். கருவியின் உதவிச் செய்தி அச்சிடும் இணைப்பும் அதன் சொந்தப் பதிப்பின் பக்கத்துக்கே போகட்டும். அந்த ஒரு வரியை பில்ட்டின்போது பதிப்பு எண்ணிலிருந்து நிரப்புவது சின்ன வேலை. டெபியன்காரருக்கு அதுதான் பெரிய உதவி.

எங்கள் பரிந்துரை இது. பைத்தான் கருவி, வெளியிலிருந்து பங்களிப்பவர்கள் பலர், இரண்டு மூன்று பதிப்புகள் உயிரோடு இருக்கின்றன என்றால் ரீட் த டாக்ஸ், வேறு யோசனை வேண்டாம். ஒற்றை பைனரியாக வரும் கோ, ரஸ்ட் கருவிக்குப் பத்துப் பக்க ஆவணம் என்றால் கிட்ஹப் பேஜஸின் ஆர்டிஃபேக்ட் வழி. பதிப்புகளை ஜேக்யூ போல அடைவுகளாக முதன்மைக் கிளையிலேயே வைத்துக்கொள்ளலாம். மைக் நல்ல கருவி, ஆனால் பக்கங்கள் பல, வெளியீடுகள் குறைவு என்ற இடத்தில்தான் நிம்மதியாக ஓடும். நூற்றுக்கணக்கான பழைய முகவரிகளைத் திருப்பிவிட வேண்டிய, போக்குவரத்து மிகுந்த தளத்துக்குக் கிளவுட்ஃபிளேர்.

எதைத் தேர்ந்தாலும் டெப்ளாய்க்குப் பின் ஒரு படி சேருங்கள். கர்ல் கட்டளை கொண்டு முகப்பை எடுத்து, அதில் இப்போது வெளியிட்ட பதிப்பு எண் இருக்கிறதா என்று கிரெப் கட்டளையால் தேடி, இல்லையென்றால் வேலையைத் தோல்வியாக்குங்கள். கிட்ஹப் பேஜஸ் பக்கங்களுக்குத் தற்காலிக நினைவு 600 நொடி என்று தலைப்பு வரும். எனவே ஒரே முறை பார்த்து முடிவு செய்யாமல், 30 நொடிக்கு ஒருமுறையாக 10 நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலாக முயலும்படி எழுதுங்கள்.